கடைசி வரியிலிருந்துதான் வாசிக்கிறார்கள்

பழைய புத்தகம் விற்பவர்:

பார்சல் தாமதமானால் முதலில் தபால்காரர் மேல்தான் கோபம் வருகிறது. ஆனால் பல சமயம் காரணம் கவரின் மேலேயே எழுதியிருக்கிறது.

என்னோடு சேர்ந்து விற்கும் தோழி ஒரு கவிதைத் தொகுப்பை அனுப்பினாள். சில நாள் கழித்துத் தபால்காரர் அதே கவரை அவள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். டிராக்கிங்கில் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று காட்டுகிறது. புத்தகத்துக்குக் காத்திருந்தவருக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கவரை வாங்கிப் பார்த்தேன். வாங்குபவரின் முகவரி மேலே, பேனாவில், பொடி எழுத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே தோழியின் முகவரி, அச்சடித்த ஸ்டிக்கரில், பளிச்சென்று. யார் பார்த்தாலும் கண் அங்கேதான் போகும். அனுப்புநர் முகவரியை இடது மேல் மூலையில் சிறிதாகப் போடுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் எழுதுங்கள். இந்த மாதிரி உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ நடந்ததைச் சொன்னால் எல்லோருக்கும் உதவும்.

அஞ்சல் பிரிப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்:

அம்மா, உங்கள் தோழிக்கு நடந்தது அதிசயமே இல்லை. நாங்கள் அடிக்கடி பார்த்ததுதான்.

வீட்டில் எழுதும்போது பெயர், கதவு எண், தெரு, ஊர் என்று மேலிருந்து கீழே வருகிறோம். பிரிக்கிற இடத்தில் வேலை தலைகீழ். முதலில் எந்த நாடு, அப்புறம் எந்த அஞ்சல் குறியீடு, எந்த ஊர். பெயரைக் கடைசியாக, வாசலில் நிற்கிறவர்தான் பார்ப்பார். அதனால் கீழ் வரிகள் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. முகவரிக்குக் கீழே ‘நன்றி’, ‘கவனம்’, பூப்படம் என்று எதுவும் வேண்டாம். அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

இயந்திரம் வைத்திருக்கிற இடங்களில் அது கவரைப் படம் பிடித்து, எழுத்தை வாசித்து, அதற்கேற்ற பார்கோடுபடி பிரிக்கும். வாசிக்க முடியாவிட்டால் அந்தப் படம் ஒரு திரையில் வரும். உட்கார்ந்திருக்கிறவர் பார்த்துத் தட்டச்சு செய்வார். அவருக்கும் புரியாவிட்டால் கையால் பிரிக்கும் மேசைக்குப் போகும். ஒவ்வொரு படியிலும் நேரம் போகிறது. அந்தப் பார்சல் தொலையவும் இல்லை, யாரும் தூக்கிப்போடவும் இல்லை, யாரோ ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்துக்கொண்டிருக்கிறார்.

நான் அதிகம் பார்த்தவை இவை. கொடி நீண்ட 1, வாசிக்க 7 மாதிரியே இருக்கும். பளபளக்கும் டேப்பை முகவரி மேலேயே ஒட்டினால் வெளிச்சம் பட்டு எழுத்து மறைந்துவிடும். லேபிளைப் பெட்டியின் மடிப்பில் ஒட்டினால் குறியீட்டில் பாதி ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம். மழை பட்டால் கரைகிற மை. இவை எல்லாவற்றையும்விட மோசமானது, வேறு யாரோ அனுப்பிய பழைய பெட்டியில் பார்கோடைக் கிழிக்காமல் புதுசாக ஒட்டுவது. இயந்திரத்துக்கு எது பழசு, எது புதுசு என்று தெரியாது.

இன்னொன்று. வாங்குபவரின் முகவரியையும் உங்கள் முகவரியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பார்சலுக்குள்ளேயும் வைத்துவிடுங்கள். வெளியே இருந்த லேபிள் உரிந்து, யாருக்கு என்றே தெரியாமல் வரும் பார்சல்களைக் கடைசியில் பிரித்துத்தான் பார்ப்பார்கள். உள்ளே சீட்டு இருந்தால் அன்றைக்கே மறுபடி கிளம்பிவிடும். சீட்டு இல்லாமல் கிடந்த ஒரு குழந்தைச் சட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பொத்தான் பொத்தானாகக் கையால் தைத்தது.

கைவேலை நகை விற்பவர்:

ஐயா சொன்ன சீட்டு யோசனையை இன்றே ஆரம்பிக்கிறேன்.

நான் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். அதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: வாங்குபவர் கொடுத்த வரிசையை மாற்றாதீர்கள். நம் கண்ணுக்குத் தப்பாகத் தெரிவது அந்த ஊரில் சரியாக இருக்கும். ஜெர்மனியில் ஐந்து இலக்கக் குறியீடு ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். தெருப் பெயருக்குப் பின்னால்தான் கதவு எண். ஜப்பானிய எழுத்தில் எழுதினால் பெரிய பகுதியில் தொடங்கி, கட்டிடத்துக்கு வந்து, பெயரில் முடியும். ஹாங்காங்கில் அஞ்சல் குறியீடே கிடையாது. படிவம் கேட்கிறதே என்று எதையாவது நிரப்பினால்தான் குழப்பம்.

கனடாக் குறியீட்டில் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும். டி, எஃப், ஐ, ஓ, கியூ, யு ஆகிய ஆறு எழுத்துகளை அதில் சேர்ப்பதே இல்லை. ஆக, வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான், சந்தேகமே வேண்டாம். வாங்குபவரே ‘ஓ’ என்று தட்டியிருந்தால் கேட்டுத் திருத்திவிடலாம்.

அப்புறம் பெயர். ஒருவர் தன் கணக்கில் வைத்திருந்த செல்லப் பெயரிலேயே ஜெர்மனிக்கு ஆர்டர் போட்டார். அங்கே அடுக்குமாடிகளில் கட்டிடத்துக்குத்தான் எண், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பெரும்பாலும் தனி எண் கிடையாது. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரை வைத்துத்தான் போடுவார்கள். நல்லவேளை, அனுப்பும் முன் கேட்டேன். அவர் தங்கியிருந்தது நண்பர் வீட்டில், பெட்டியில் நண்பரின் பெயர்தான் இருந்ததாம். ‘இன்னார் மேற்பார்த்து’ என்று நண்பரின் பெயரையும் சேர்த்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது.

அடிக்கடி வாங்குபவர்:

வாங்குகிறவர்கள் பக்கமிருந்தும் ஒரு வார்த்தை. மாடி எண், பிளாக் எண் எல்லாம் நாங்கள் ஒழுங்காகத்தான் கொடுக்கிறோம். விற்பவர் லேபிளில் இடம் போதவில்லை என்று அந்த வரியை விட்டுவிட்டால், பார்சல் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. என் அக்காவின் பிறந்தநாளுக்கு வாங்கிய விளக்கு அப்படித்தான் போனது. எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்குங்கள், வரியை வெட்டாதீர்கள். போன் நம்பரையும் போடுங்கள், தபால்காரர் கூப்பிட்டால் ஓடிவந்து வாங்கிக்கொள்வோம்.

பழைய புத்தகம் விற்பவர்:

வரியை வெட்டுவதைப் பற்றிச் சொன்னது மிகவும் சரி. படிவத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது என்றால் கையால் எழுதியாவது சேர்த்துவிட வேண்டும். ஆர்டர் வந்ததும் முகவரியை வாங்குபவருக்கே திருப்பி அனுப்பி, ‘லேபிளில் இப்படித்தான் வரும், சரியா?’ என்று கேட்கிறேன். வீடு மாறியவர்கள் அப்போதுதான் ‘ஐயோ, இது பழைய வீடு’ என்பார்கள். பதில் வரும்வரை கட்டி வைத்திருப்பேன், ஒட்டமாட்டேன்.

புதிதாக விற்க வந்தவர்:

ஒரு சந்தேகம் அக்கா. கொரியாவிலிருந்து ஒருவர் முகவரியை அவர்கள் எழுத்திலேயே அனுப்பியிருக்கிறார். எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. பார்த்து எழுதினால் கோடு மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கைவேலை நகை விற்பவர்:

பார்த்து எழுதாதே தம்பி. அவர் அனுப்பியதை அப்படியே நகலெடுத்துப் பெரிதாக அச்சடித்து ஒட்டு, அந்த ஊர்த் தபால்காரருக்கு அதுதான் வேண்டும். ஊர், நாட்டின் பெயரை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் கீழே எழுது. இங்கே பிரிக்கிறவர் அதை வைத்துத்தான் எந்த நாட்டுப் பையில் போடுவது என்று முடிவு செய்வார். தென் கொரியா என்று முழுதாக எழுது, வெறுமனே கொரியா என்று விடாதே.