பொருள்: வயா, பேட் – அமைவுக் கோப்பில் என்ன பெயர் வைப்போம்?

வணக்கம்.

கீகேட் மென்பொருளில் சுற்றுப்பலகை வரைவதற்கான அமைவுக் கோப்பைத் தமிழ்ப் பெயர்களோடு எழுதும் வேலை வயாவிலும் பேடிலும் வந்து முட்டி நிற்கிறது. வயா என்பது மின்தடத்தைப் பலகையின் ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்குக் கொண்டுபோகும், செம்பு பூசிய சிறு துளை. பேட் என்பது உதிரியோ (மின்தடை, மின்தேக்கி போன்ற பாகம்) சோதனை முனையோ வந்து தொடும் செம்புப் பரப்பு. கோப்பு பைத்தானில்தான். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு, அவ்வளவே. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை மாறிகளாக ஏற்கும் என்பதால் அந்த வகையில் தடையில்லை. இப்போதைய வரைவு, மில்லிமீட்டரில்:

ஊடுதுளை_விட்டம் = 0.60
ஊடுதுளை_துளை = 0.30
பொட்டு_அகலம் = 1.025
பொட்டு_உயரம் = 1.40
பொட்டு_மூலை_விகிதம் = 0.243902

வயாவுக்கு ஊடுதுளை, பேடுக்குப் பொட்டு. கடைசி எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இது கீகேட் நூலகத்தில் 0805 என்ற அளவுள்ள மின்தடைக்கு இருக்கும் பேட். மூலையின் ஆரம் குறுகிய பக்கத்தில் கால் பங்கு இருக்கலாம், ஆனால் 0.25 மி.மீ-ஐத் தாண்டக் கூடாது. 1.025-இல் கால் பங்கு 0.256 ஆகிவிடுவதால், 0.25-ஐ 1.025-ஆல் வகுத்து விகிதம் எழுதியிருக்கிறார்கள்.

இவற்றைவிட நல்ல சொல் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

*

> வயாவுக்கு ஊடுதுளை, பேடுக்குப் பொட்டு

இரண்டுமே ஒத்துவராது.

ஊடுதுளை என்பது கால் வைத்த உதிரிகளுக்கான துளைக்குப் பொருத்தமான பெயர். மின்தேக்கியின் கால் பலகையை ஊடுருவிப் போய் மறுபுறம் பற்றாசு (சால்டர்) வாங்குகிறதே, அந்தத் துளை. வயா அப்படி எப்போதும் ஊடுருவுவதில்லை. நான்கடுக்குப் பலகையில் மேலடுக்கிலிருந்து இரண்டாமடுக்கு வரை மட்டும் போகிற வயா உண்டு. இரண்டிலிருந்து மூன்றுக்கு, வெளியே தெரியாமல் உள்ளேயே கிடக்கிறதும் உண்டு. லேசரால் இடும் மைக்ரோவயாவின் ஆழம் 0.25 மி.மீ-க்கு மேல் போகாது, விட்டத்தையும் தாண்டாது. அதைச் செம்பால் நிரப்பிவிட்டால் துளை என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சாது. இவற்றுக்கெல்லாம் ஊடுதுளை என்று பெயர் வைத்துவிட்டுப் பிறகு 'ஊடுருவாத ஊடுதுளை' என்று எழுத வேண்டிவரும். 'ஊடுதுளை_துளை' என்ற சாவியும் (கோப்பின் இடப்பக்கப் பெயர்) படிக்கச் சகிக்கவில்லை.

பொட்டு வட்டத்தைத்தான் நினைவூட்டும். நீங்கள் காட்டிய 0805 பேடே செவ்வகம். பற்றாசு வைக்கும் இடம் என்பதால் பற்றிடம் என்று வைக்கலாமே?

இன்னொன்று, சொல்லைவிட இதுதான் பணத்தை விழுங்கும். துளை 0.30 என்றால் எந்தத் துளை? துரப்பணப் பிட் போட்ட துளையா, செம்பு முலாம் ஏறிய பின் எஞ்சும் துளையா? பின் ஹெடரை, அதாவது உலோகப் பின்கள் வரிசையாக நிற்கும் இணைப்பியை, எடுத்துக்கொள்ளுங்கள். பின் 0.64 மி.மீ சதுரம், மூலைவிட்டம் 0.905. நூலகத்தில் அதற்குத் துளை 1.0, செம்பு 1.7. இந்த 1.0 முலாமுக்குப் பிந்தைய அளவு என்றால் பின் தாராளமாக இறங்கும். ஒருவர் அதைப் பிட் அளவாக எடுத்துக்கொண்டால், சுவருக்கு 25 மைக்ரான் முலாம் வீதம் 0.95-தான் மிஞ்சும். அதன்மேல் ஈயப் பூச்சும் ஏறினால் பின்னைச் சுத்தியால்தான் அடிக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் பொதுவாக நாம் தரும் எண்ணை இறுதி அளவாகவே எடுத்து, சுமார் 0.1 மி.மீ பெரிய பிட்டைப் போடுவார்கள். ஆகவே துரப்பு விட்டம், இறுதி விட்டம் என இரண்டு பெயர் கட்டாயம் வேண்டும். வெறும் 'துளை' சாவியாக இருக்கவே கூடாது.

*

வணக்கம். இலங்கையில் வீதியைக் குறுக்கே கடக்கும் இடத்தைக் கடவை என்கிறோம்: பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை. மின்தடம் ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்குக் கடக்கிற இடத்துக்கும் அதையே வைத்தால் என்ன? துளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முழு ஆழம் போனாலும் போகாவிட்டாலும் பெயர் பொய்யாகாது. முழுக்கடவை, ஒருபுறக் கடவை, புதைகடவை, நுண்கடவை என்று வகைகளும் சிக்கலில்லாமல் கிளைக்கின்றன.

'கடவு' என்று இன்னும் சுருக்கலாம் என்று யாராவது சொல்வதற்கு முன்: தேடினால் கடவுச்சொல்லும் கடவுச்சீட்டும்தான் வரும். ஐகாரம் இருக்கட்டும்.

பற்றிடத்தில் எனக்குத் தயக்கம். சோதனை முனை படும் பேடில் பற்றாசே வைப்பதில்லை. பலகை விளிம்பில் தங்க முலாம் பூசி, செருகியில் நுழைக்கும் விரல் வரிசையில் பற்றாசு பட்டால் பலகையே கெட்டது. அவையும் பேடுதான். மணல் திட்டு என்கிறோமே, அதுபோல் திட்டு என்று வைக்கலாம். வட்டம், செவ்வகம், நீள்வட்டம் எதுவானாலும் பொருந்தும். சோதனைத் திட்டு, விளிம்புத் திட்டு, வெப்பத் திட்டு.

*

> திட்டு என்று வைக்கலாம்

'இந்த உதிரிக்கு எத்தனை திட்டு?' என்று அலுவலகத்தில் கேட்டால் சிரிப்பார்கள்தான். பழகிவிடும். எனக்குச் சம்மதம், ஆனால் என் காரணம் வேறு.

பொட்டு என்பதில் ஒகர உயிர்மெய் இருக்கிறது. யூனிகோடில் 'பொ' என்பதன் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைத்தான் மாறிப் பெயர்களை மட்டும் என்எஃப்கேசி (NFKC) என்ற யூனிகோட் முறையில் இயல்பாக்கி ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரத்தைத் தொடாது. எனவே பொட்டு_அகலம் என்று மாறியாக எழுதினால் எந்த விசைப்பலகையில் அடித்தாலும் வேலை செய்யும். அதையே அகராதிச் சாவியாக மேற்கோளுக்குள் எழுதினால், ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பெயர்கள் பொருந்தாமல் கீ-எரர் (அந்தச் சாவி இல்லை என்ற பிழை) வரும். ஏன் வந்தது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

திட்டு, கடவை, துளை, வளையம் (துளையைச் சுற்றி எஞ்சும் செம்பு) எதிலும் ஒ, ஓ, ஔ குறிகள் இல்லை. ஆனால் நிம்மதியாகிவிடாதீர்கள். திட்டைச் சுழற்றும் 'கோணம்' எப்படியும் வரும். கோப்பைப் படிக்கும் நிரலில் ஒவ்வொரு சரச் சாவியையும் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் வழியாக அனுப்பியே தீர வேண்டும்.

டாமல் (TOML) என்ற வேறு அமைவுக் கோப்பு வடிவுக்கு மாறலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாமல் 1.0-இல் மேற்கோள் இல்லாத சாவி ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு, சிறுகோடு ஆகியவற்றில்தான் அமைய முடியும். தமிழ்ச் சாவி எல்லாமே மேற்கோளுக்குள் போகும். மேலே சொன்ன சிக்கல் மொத்தமாக வந்து சேரும். பைத்தான் கோப்பில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதைப் படிப்பதென்றால் இயக்குவதென்றுதான் பொருள். வெளியாள் அனுப்பிய அமைவுக் கோப்பைத் திறந்து பார்க்காமல் ஏற்றக் கூடாது.

பெயரைவிடப் பெரிய பிழை மதிப்பில் இருக்கிறது: பதின்மம். செம்பு 0.7, துளை 0.4, குறைந்தபட்ச வளையம் 0.15 என்று வையுங்கள். கையால் போட்டால் சரியாக 0.15. பைத்தானில் 0.7 - 0.4 என்பது 0.29999999999999993. பாதி 0.15-ஐவிடச் சிறியது, ஆகவே சரியான கடவையை நிரல் தள்ளிவிடும். 0.6 - 0.3 அதே சோதனையில் தேறிவிடும் என்பதால் பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும். கீகேட் பலகைப் பகுதி உள்ளே நானோமீட்டர் முழு எண்ணில்தான் கணக்கிடுகிறது. நாமும் அப்படியே எழுதுவோம். அடிக்கோடு இட்டால் படிக்கவும் எளிது. ஒரே எச்சரிக்கை: ஏற்கெனவே நானோமீட்டரில் இருப்பதை மில்லிமீட்டரிலிருந்து மாற்றும் ஃப்ரம்-எம்எம் செயல்கூறுக்குள் மறுபடி போடாதீர்கள்.

*

கடவை, திட்டு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். பற்றிடம் என்பதை விட்டுவிட வேண்டாம். பற்றாசு வாங்கும் திட்டின் மறைப்பூச்சு (பற்றாசு ஒட்டாமல் பலகையை மூடும் பூச்சு) நீங்கிய பரப்புக்கு அது பொருந்தும். திட்டும் அந்தப் பரப்பும் ஒரே அளவாக இருப்பதில்லை, தனிப் பெயர் தேவைதான். திருத்திய வரைவு:

கடவை_செம்பு = 600_000
கடவை_இறுதித்துளை = 300_000
துரப்பு_கூடுதல் = 100_000
வளையம் = (கடவை_செம்பு - கடவை_இறுதித்துளை - துரப்பு_கூடுதல்) // 2
பூச்சு_விலகல் = 50_000

பூச்சு_விலகல் என்பது திட்டின் விளிம்பிலிருந்து மறைப்பூச்சு விலகி நிற்கும் தூரம். வளையம் 100_000, அதாவது 0.1 மி.மீ. முதல் வரைவில் நாமே கணக்கிட்டிருந்தால் 0.15 என்று ஏமாந்திருப்போம். பிட் 0.075 மி.மீ தள்ளி விழுந்தால் ஒரு பக்கம் 0.025-தான் மிஞ்சும். மின்னணுத் தொழில்தர அமைப்பான ஐபிசியின் மூன்றாம் வகுப்பு வெளியடுக்கில் 0.05 மி.மீ கேட்கிறது, அங்கே இந்தக் கடவை தேறாது. இரண்டாம் வகுப்பில் வளையம் ஓரளவு உடைந்தாலும் விடுவார்கள்.

*

ஆம், ஆனால் பூச்சு_விலகலை எல்லாத் திட்டுக்கும் ஒரே எண்ணாக வைக்காதீர்கள். மையத்துக்கு மையம் 0.5 மி.மீ தள்ளி 0.3 அகலத் திட்டுகள் நின்றால் நடுவில் 0.2 இருக்கும். இருபக்கமும் 0.05 விலகினால் பூச்சுக்கு 0.1-தான். பல இடங்களில் அந்த நூலிழை ஒட்டாமல் உரிந்து, பற்றாசு பாலம் கட்டிவிடும். உதிரிவாரியாக மாற்ற வழி வையுங்கள்.

திட்டுக்குள்ளேயே கடவை வைப்பதற்கும் ஒரு சாவி வேண்டும்: திட்டுக்கடவை_நிரப்பு. நிரப்பி மேலே செம்பு மூடாவிட்டால், உருகிய பற்றாசு துளைக்குள் இறங்கி உதிரி பட்டினி கிடக்கும். இயல்பு மதிப்பு 'இல்லை' என்று இருந்தால், திட்டுக்குள் கடவை வந்ததுமே நிரல் நிறுத்தட்டும்.

திட்டைச் சுற்றியுள்ள பெரிய செம்புப் பரப்போடு மெல்லிய கம்பிகளால் மட்டும் இணைப்பது தெர்மல் ரிலீஃப். அந்தக் கம்பிகளுக்கு ஆரம் என்று சிலர் எழுதுகிறார்கள். மூலையின் ஆரமும் பக்கத்திலேயே இருக்கும்போது அது குழப்பும். ஆரக்கால் என்று வைத்துவிடலாம். ஆட்சேபம் இருந்தால் தனி இழையில்.