பார் கோர்ஸுக்கு இப்போதே காசு கட்டலாமா? குடும்பச் சட்டத்துக்குப் போக விருப்பம்

இல்ஃபோர்ட்காரி:

எல்லாருக்கும் வணக்கம். சட்டப் படிப்பில் 2:1 (இரண்டாம் வகுப்பு மேல்நிலை) எடுத்துவிட்டுக் கிழக்கு லண்டனில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வக்கீல்களுக்கு உதவியாளராக, இருக்கிறேன். முழுக்கக் குடும்ப வழக்குகள்தான்: விவாகரத்து, பிள்ளை யாரோடு இருப்பது, உள்ளூர் கவுன்சில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுக்கப் பார்க்கிற வழக்குகள். நீதிமன்றத்தில் பின்வரிசையில் இருந்து குறிப்பெடுக்கும்போதெல்லாம், முன்னால் நின்று வாதாடுகிற பாரிஸ்டராக வரவேண்டும் என்றுதான் மனம் கிடந்து அடிக்கிறது.

அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. "சொலிசிட்டராக வந்தால் மாதம் சம்பளம் வரும், பாரிஸ்டருக்கு வழக்கு வந்தால்தான் காசு" என்கிறார். வருகிற செப்டம்பருக்குப் பாரிஸ்டர் ஆவதற்கான பார் கோர்ஸில் இடம் கிடைத்து, முற்பணம் கேட்கிறார்கள். கட்டவா, அல்லது பியூப்பிலேஜ் (பாரிஸ்டர்களிடம் எடுக்கிற தொழிற்பயிற்சி) கிடைக்கும்வரை பொறுக்கவா? தமிழ் தெரிந்திருப்பது இந்த வேலைக்கு உண்மையிலேயே உதவுமா?

ஹரோ அக்கா:

தங்கச்சி, நான் குடும்பச் சட்டத்தில்தான் பாரிஸ்டராக இருக்கிறேன். பெரும்பாலும் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்குகள்.

இன்ஸ் ஆஃப் கோர்ட் (பாரிஸ்டர்களின் சங்கங்கள்) கொடுக்கிற ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்தாயா? லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் நாலும் வருடா வருடம் நிறையக் கொடுக்கின்றன. ஆனால் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம், கெடு முந்தின வருடம் நவம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிடும். நீ அதைத் தவறவிட்டிருந்தால் இந்த வருடம் காசு கட்டாதே. பியூப்பிலேஜுக்கு விண்ணப்பிக்கக் கோர்ஸ் முடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்கான இணைய விண்ணப்பத் தளமான கேட்வே ஜனவரியில் திறக்கும், 20 சேம்பர்ஸ் (பாரிஸ்டர்கள் கூட்டாக இருக்கிற அலுவலகங்கள்) வரை போடலாம், மே மாதம் முடிவு தெரியும். கோர்ஸை முடித்துவிட்டால் பியூப்பிலேஜ் தொடங்குவதற்கான 5 வருடக் கெடு ஓடத் தொடங்கிவிடும். கடன்பட்டுப் படித்துவிட்டு அந்தக் கெடுவோடு ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வேகிறது. எப்படியும் இப்போதே தொடங்கத்தான் வேண்டும் என்றால், இரண்டு பகுதியாகக் கட்டக்கூடிய கோர்ஸாகப் பார். முதல் பகுதியை வேலையில் இருந்துகொண்டே படித்துப் பரீட்சை எழுதலாம், பெரிய தொகையைப் பிறகு யோசிக்கலாம்.

பியூப்பிலேஜ் ஒரு வருடம். முதல் ஆறு மாதம் வழிகாட்டுகிறவரின் பின்னால் திரிவாய், அடுத்த ஆறு மாதம் உன் சொந்த வழக்கு. அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், எந்த வழக்கு என்று கேட்காதே. மாலை ஆறு மணிபோல, சேம்பர்ஸில் வழக்குகளைப் பங்கிடுகிற கிளார்க்கிடமிருந்து கடதாசிகள் வரும். இரவு வாசித்து, இரண்டு பக்கத்தில் உன் தரப்பு நிலைப்பாட்டை எழுதி வைப்பாய். காலையில் கனரி வார்ஃபில் இருக்கிற கிழக்கு லண்டன் குடும்ப நீதிமன்றம். வழக்கு பத்து மணிக்கு என்றால் ஒன்பதுக்கே நிற்கவேண்டும். ஆலோசனை அறைகள் எல்லாம் நிரம்பியிருக்கும். நடைபாதை மூலையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இரவு முழுக்க நித்திரை கொள்ளாத ஒரு தாயோடு மெல்லக் கதைப்பாய். பிறகு எழும்பிப் போய் மற்றப் பக்கத்து வக்கீலோடு கதைப்பாய். சனிக்கிழமை பத்திலிருந்து இரண்டுவரை தகப்பன் பிள்ளையைப் பார்க்கலாமா, தனியாகவா, மாமியார் பக்கத்தில் இருக்கவா, எந்த இடத்தில் கையில் கொடுப்பது? ஒத்துவந்தால் மடிக்கணினியை முழங்காலில் வைத்து உத்தரவை எழுதுவாய். உள்ளே நீதிபதிக்கு முன்னால் நிற்பது இருபது நிமிடமாக இருக்கலாம். அங்கே பொய்முடியும் இல்லை, கறுப்பு அங்கியும் இல்லை. நீ பின்வரிசையிலிருந்து பார்க்கிற பேச்சு இந்த வேலையின் கடைசித் துண்டுதான். நடைபாதையில் பொறுமையாக இருக்க முடிந்தால் இது உனக்கான வேலை.

1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் முதலாம் பிரிவை வாசித்திருப்பாய்: பிள்ளையின் நலனே முதன்மை. பெரும்பாலும் அந்தப் பிள்ளை அறைக்குள்ளேயே இருக்காது. கோபத்தில் இருக்கிற உன் கட்சிக்காரருக்கு அதைச் சொல்லி விளங்கவைப்பதும் உன் பொறுப்பு.

ஈஸ்ட் ஹாம் சொலிசிட்டர்:

அக்கா சொன்ன காசுக் கணக்கு சரி. ஆனால் அப்பாவையும் தள்ளிவிடாதேங்கோ. குடும்ப நீதிமன்றத்தில் சொலிசிட்டருக்கும் எழுந்து பேச உரிமை உண்டு, நான் கிழமைக்கு இரண்டு தடவையாவது பேசுகிறேன். கட்சிக்காரரை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை பார்ப்பதும் நாங்கள்தான்.

வருமானத்தையும் பாருங்கோ. 2013 ஏப்ரலுக்குப் பிறகு கணவன் மனைவிக்கு இடையிலான பிள்ளை வழக்குகளில், வீட்டு வன்முறைக்கு ஆதாரம் இருந்தால் தவிரப் பெரும்பாலும் சட்ட உதவி கிடையாது. கவுன்சில் பிள்ளையை எடுக்க வருகிற வழக்கில் மட்டும் பெற்றோருக்கு வருமானம் பாராமல் சட்ட உதவி உண்டு. அதனால் புதிதாக வருகிற பாரிஸ்டருக்கு அங்கேதான் வேலை தொடர்ந்து வரும். கட்டணம் குறைவு, வாசிக்க நூற்றுக்கணக்கான பக்கம்.

தமிழ் உதவும். விவாகரத்தில் காசு, சொத்துப் பிரிக்கும்போது நிரப்புகிற ஃபோர்ம் ஈயில் ஒருவர் சொத்தையும் கடனையும் முழுக்கக் காட்டவேண்டும். நம் ஆட்களுடைய வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஒரே தொகை ஒரு தெரிந்தவருக்குப் போகும், எதிர்த்தரப்பு "காசை ஒளிக்கிறார்" என்று நிற்கும். அது சீட்டு என்று நமக்குப் பார்த்தவுடன் விளங்கும். எத்தனை பேர், எடுத்தாயிற்றா, இன்னும் எத்தனை மாதம் கட்டவேண்டும் என்று கேட்டு எழுதினால் நீதிபதிக்கும் விளங்கும்.

இல்ஃபோர்ட்காரி:

இரண்டு பேருக்கும் நன்றி. ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கவில்லை, அதனால் முற்பணம் கட்டப்போவதில்லை. அக்கா, தமிழ்க் கட்சிக்காரர் என்றால் நீங்களே மொழிபெயர்ப்பீர்களா?

ஹரோ அக்கா:

விசாரணையில் ஒருபோதும் இல்லை. மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் ஏற்பாடு செய்யவேண்டும், முன்கூட்டியே கேட்டு வைப்பது நம் பக்கத்துக் கடமை. வராவிட்டால் வழக்கைத் தள்ளிவைக்கக் கேட்பேன், நான் அந்த இடத்தில் நிற்கமாட்டேன். நடைபாதையில் மட்டும் தமிழில்தான் கதைப்பேன்.

இந்த வருடத்தை வீணாக்காதே. இரண்டு மூன்று சேம்பர்ஸில் மினி பியூப்பிலேஜ் (சில நாள் கூட இருந்து வேலையைப் பார்ப்பது) கேள். குடும்ப வழக்குகள் பூட்டிய கதவுக்குள் நடப்பதால் நீ உள்ளே இருக்க அனுமதி வாங்கவேண்டி வரும், சில நாள் கிடைக்காது. அப்படியானால் வெளியே இருந்து நடைபாதையைப் பார். நவம்பர் கெடுவுக்கு முன் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை எழுதி எனக்கு அனுப்பு, நான் வாசித்துத் தருகிறேன்.