காட்டுப்பூவரசு விதை முளைக்கவில்லை: பிழை எங்கே?

கேள்வி:
குன்னூரில் எங்கள் வீட்டு வேலியோரம் காட்டுப்பூவரசை (நம் மலையின் நாட்டு ரோடோடென்ட்ரான் மரம்) விதையிலிருந்து வளர்க்க விரும்பி, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் மரத்திலிருந்து, உரிமையாளரின் சம்மதத்துடன், பழுப்பேறிய காய்கள் சிலவற்றைப் பறித்து வந்தேன். செம்மண்ணும் மாட்டெருவும் கலந்த தொட்டியில் ஒரு விரற்கடை ஆழத்தில் விதைத்து, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வருகிறேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழுதா, என் முறை பழுதா?

மறுமொழி 1:
விதையைக் குறை சொல்ல வேண்டாம். மூக்குப்பொடி போன்ற அந்த விதைக்கு ஒரு விரற்கடை மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வரும் தெம்பு கிடையாது. முளைப்பதற்கு வெளிச்சமும் தேவை. மீதமுள்ள காய்களைக் காகிதப் பையில் போட்டு வையுங்கள். காய்ந்ததும் நுனியிலிருந்து வெடித்து விதையைத் தாமே உதிர்க்கும். நன்கு மக்கிய இலைமட்கைச் சலித்து, ஆற்றுமணல் கொஞ்சம் கலந்து, நனைத்த பிறகு விதையை மேலே தூவிவிட்டால் போதும், மூடக் கூடாது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏற விடுங்கள். கண்ணாடியால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களில் பச்சைப் புள்ளிகள் தெரியும்.

மறுமொழி 2:
தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. இந்தச் செடிக்கு, தேயிலையைப் போலவே, அமில மண்தான் ஒத்துக்கொள்ளும். சுண்ணாம்பு மிகுந்தால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளித்துவிடும். மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். மாட்டெருவை அடியோடு விட்டுவிடுங்கள். அதன் உப்பை இந்த மெல்லிய வேர் தாங்காது.

கேள்வி கேட்டவர்:
விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறது. நாற்று வந்தால் எப்போது பிரித்து நடலாம்?

மறுமொழி 1:
நான்கு உண்மை இலைகள் (முதலில் விரியும் விதையிலைகளுக்குப் பின் வருபவை) வந்த பிறகு. அதற்கு முன், கண்ணாடியைத் தினமும் சற்று நேரம் திறந்து காற்றாட விடுங்கள். இல்லையேல் நாற்றழுகல் ஒரே இரவில் மொத்தத்தையும் சாய்த்துவிடும். பூவைக் காணப் பல ஆண்டுகள் ஆகும்.

மறுமொழி 3:
ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த மரத்தின் அருகே அலங்காரத்துக்கு நட்ட கலப்பின ரோடோடென்ட்ரான்கள் உள்ளனவா? இருந்தால் மகரந்தம் கலந்திருக்கக்கூடும். நாட்டு வகைதான் வேண்டுமென்றால் தனித்து நிற்கும் வேறு மரத்தின் காயைத் தேடுங்கள்.