168-இல் ஜீன் இருக்கிறது, பிசின் மட்டும் வரவில்லை

குடுவைக்காரி:
எம்.எஸ்சி. கடைசி வருட ப்ராஜெக்டுக்கு பாலி காமா குளூட்டமிக் அமிலத்தை எடுத்திருக்கிறேன். ஜப்பானில் சாப்பிடுகிற நட்டோ சோயா நூல் நூலாக இழுபடுமே, அதற்குக் காரணமான பாலிமர். கையில் இருப்பது பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் 168 என்ற லேப் ஸ்ட்ரெய்ன் (வகை). பாலிமரைக் கோக்கும் பி.ஜி.எஸ். ஜீன்கள் இதன் ஜீனோமிலேயே இருக்கின்றன, தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் குளூட்டமேட், சிட்ரிக் அமிலம், கிளிசரால் போட்ட மீடியத்தில் 37 டிகிரியில் மூன்று நாள் ஷேக்கரில் ஆடிய பிறகும் குடுவையில் இருப்பது மோர்த்தண்ணி மாதிரிதான். கைடு, ஜீன்களை இ.கோலை என்ற வேறு பாக்டீரியாவுக்கு மாற்றிப் பார் என்கிறார். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது, மாற்றலாமா?

நொதிப்பானை:
வேண்டாம். இ.கோலையில் வைத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம்தான், ஆறு வாரம் அதிலேயே போய்விடும். 168 பல காலம் லேபிலேயே வளர்ந்து சோம்பேறியான ஸ்ட்ரெய்ன்: டெக்-க்யூ ஜீனின் புரோமோட்டரில் (ஜீனை இயக்கும் சுவிட்ச் மாதிரியான டி.என்.ஏ. பகுதி) ஓரெழுத்து மாறியிருக்கிறது, ஸ்வர்-ஏ ஜீனில் ஓரெழுத்து கூடுதலாக நுழைந்து ஜீனை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் சட்டகமே நகர்ந்துவிட்டது, பி.ஜி.எஸ். ஜீன்களை எழுப்ப வேண்டியவை இந்த இரண்டும்தான். ரெண்டையும் சரிசெய்து கொண்டிருக்காமல், பி.ஜி.எஸ். ஜீன்களுக்கு முன்னால், சைலோஸ் என்ற சர்க்கரை போட்டால் இயங்கும் சைலோஸ் புரோமோட்டரைப் பொருத்திவிடுங்கள். அப்புறம், மீடியத்தில் குளுக்கோஸ் சேர்த்துவிடாதீர்கள், குளுக்கோஸ் இருந்தால் சைலோஸ் புரோமோட்டர் அடங்கிவிடும்.

கடைசிபெஞ்ச்:
இதை வைத்து மக்கிப்போகும் கேரிபேக் செய்யலாம்தானே?

நொதிப்பானை:
தண்ணீரில் கரைகிற பொருளில் பையா, மழை வந்தால் காய்கறி ரோட்டில் கிடக்கும். எஸ்டராக மாற்றினால் படலம் வரும், அது வேறு கதை. இப்போதைக்கு கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பது, கிரீம்களில் ஈரம் காப்பது, ஹைட்ரோஜெல் என்று அந்தப் பக்கம் யோசியுங்கள்.

ஷேக்கர் ராணி:
250 மில்லி குடுவையில் எவ்வளவு மீடியம் ஊற்றினீர்கள் என்று சொல்லவில்லையே? பாதிக்கு மேல் என்றால் அதுவும் ஒரு கோளாறு, 50 மில்லிக்கு மேல் வேண்டாம். பாலிமர் வர வர குழம்பு கெட்டியாகும், கெட்டியானால் ஆக்சிஜன் உள்ளே இறங்காது, அப்போது செல்கள் அதோடு நின்றுவிடும். இன்னொன்று, இதே பாக்டீரியா தான் செய்ததைத் தானே வெட்டித் தின்னும், பி.ஜி.டி.எஸ்., ஜி.ஜி.டி. என்று இரண்டு நொதிகள். இரண்டு ஜீன்களையும் சேர்த்து நீக்கியபோது விளைச்சல் கூடியிருக்கிறது. உங்களுக்கு அதற்கு நேரமில்லை, அதனால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காமல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.

குடுவைக்காரி:
அக்கா, 150 மில்லி ஊற்றியிருந்தேன். 😬 ஒப்பிட்டுப் பார்க்க நட்டோ ஸ்ட்ரெய்னையும் வளர்த்தேன், அது நன்றாகவே பிசுபிசுத்தது. சென்ட்ரிஃபியூஜில் செல்களை இறக்கிவிட்டு மேலே நின்ற திரவத்தோடு மூன்று மடங்கு எத்தனால் சேர்த்ததும் வெள்ளையாகத் திரண்டு வந்தது. அதுதான் பாலிமர் என்று எழுதி வைத்துவிட்டேன். அந்தக் குடுவையில் மட்டும் கிளிசரால் தீர்ந்துபோனதால் சாதாரணச் சர்க்கரை போட்டேன்.

ஷேக்கர் ராணி:
அய்யோ, அதை அடித்துவிடுங்கள்! சுக்ரோஸ் கொடுத்தால் நட்டோ ஸ்ட்ரெய்ன் லெவான் என்ற சர்க்கரைப் பாலிமரையும் செய்யும், எத்தனாலில் அதுவும் வெள்ளையாகத்தான் திரளும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நானே ஒரு முழு செமஸ்டர் லெவானை எடைபோட்டு வரைபடம் போட்டிருக்கிறேன். மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓட்டி மெத்திலின் புளூ சாயம் போடுங்கள், புரதங்களுக்குப் போடும் கூமாசி சாயம் வேண்டாம், இந்தப் பாலிமர் கூமாசியில் சாயம் ஏறாது. மெத்திலின் புளூவில் நீளமான நீலத் தீற்றலாக வரும். லெவானுக்கு மின்சுமை இல்லை, அதனால் அது அப்படி வராது. சந்தேகம் தீரவில்லை என்றால் 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் ஒரு நாள் வேகவைத்து, டி.எல்.சி. தகட்டில் (கலவையைப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) ஓட்டி, அமினோ அமிலங்களுக்கு நிறம் தரும் நின்ஹைட்ரின் தெளியுங்கள், குளூட்டமிக் அமிலப் புள்ளி ஒன்று மட்டும் வர வேண்டும்.

நொதிப்பானை:
லெவான் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்லவேளை சொன்னீர்கள்.

குடுவைக்காரி:
சரி அக்கா. மெத்திலின் புளூ பக்கத்து லேபில் இருக்கிறது, ஆனால் அலமாரிச் சாவி வைத்திருப்பவர் திங்கள்கிழமைதான் வருவார். அதுவரை கிளிசரால் வாங்கி, 50 மில்லி ஊற்றி இரண்டையும் மறுபடி வைக்கிறேன். ஜெல் படத்தை இங்கேயே போடுகிறேன்.