அப்பாயிக்கு வயது என்ன?

மூத்த பேத்தி:

அப்பாயி போன அன்று, அழுகைக்கு நடுவே எங்கள் வீட்டில் மூண்ட முதல் சண்டை அவருடைய வயதைப் பற்றியது. மறுநாள் தமிழ் முரசு நாளிதழில் மரண அறிவிப்பு வர வேண்டும், மாலைக்குள் விவரம் அனுப்ப வேண்டும். அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1930. அப்படியானால் 95. "அது அட்டையின் வயது, அம்மாவின் வயது இல்லை" என்றார் சித்தப்பா. உடல் இன்னும் வீடு வந்து சேரவில்லை. நாங்கள் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் முதலாண்டுத் திதி. அதற்குள் ஆளுக்கொரு நினைவை இங்கே எழுதிவைப்போம். நானே தொடங்குகிறேன்.

அப்பாயியின் அப்பா சிங்கப்பூரில், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கூலி. குடும்பமும் அங்கேதான் குடியிருந்தது. அப்பாயி பெரியவளானது 1941 டிசம்பர் தொடக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் பச்சை ஓலையில் குச்சு கட்டி உட்கார வைத்தார்கள். பதினாறு நாளைக்கு யாரையும் தொடக் கூடாது. தனித் தட்டு, தனிக் குவளை, வாசலுக்குக் குறுக்கே காவலாக ஓர் உலக்கை. ஆறாவது நாள், 8ஆம் தேதி, விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு ஜப்பானிய விமானங்கள் வந்துவிட்டன. துறையில் நின்ற 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' போர்க்கப்பலின் பீரங்கிகள் வானத்தை நோக்கிச் சுடத் தொடங்க, குச்சு அதிர்ந்து ஓலைத் தூசி முழுக்க அப்பாயி தலையில் கொட்டியது. அவருடைய அம்மா தீட்டெல்லாம் பார்க்காமல் உலக்கையைத் தாண்டி ஓடிவந்து, கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பெரிய சாக்கடைக்குள் உட்கார வைத்தார். "பதினாறு நாள் தீட்டை ஜப்பான்காரன் ஆறே நாளில் கழித்துவிட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அப்பாயி. அந்தக் கப்பல் அன்று மாலையே கிளம்பிப் போய், 10ஆம் தேதி குவாந்தான் பக்கம் கடலில் மூழ்கியது. அதில் மூட்டை ஏற்றிய அவருடைய அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

1930 என்றால் அப்போது அவருக்குப் பதினொரு வயது. அவர்கள் வீட்டில் பதின்மூன்றுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் பெரியவளானதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, பிறந்தது 1928. முரசில் 97 என்று போட்டோம், இறப்புச் சான்றிதழில் 95 என்று வந்தது.

அவருடைய டிரங்குப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. பாச்சை உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. அடியில் செய்தித்தாளுக்குப் பதிலாக ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டுகளைப் பரப்பியிருந்தார். போர் முடிந்ததும் செல்லாக்காசாகிப்போன பத்து வெள்ளி (டாலர்) நோட்டுகள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சில் கோடுகள், நான்கு நின்றபடி, ஐந்தாவது குறுக்காக. பால் கணக்கு.

இரண்டாவது மகன்:

அந்த 1930 எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். 1948இல் முதன்முதலாக அடையாள அட்டை கொடுத்தபோது, மேசையில் இருந்தவர் அம்மாவிடம் வயதைக் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா "பதினெட்டு" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து. ஏழு வயது வித்தியாசம் கேட்பதற்கு நன்றாக இருக்கும் என்று நினைத்தாராம்! நாள், மாதம் யாருக்கும் தெரியாததால் அந்த இடத்தில் பூஜ்ஜியங்கள் விழுந்தன.

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். படைகளை மீட்டுக்கொள்ளப் போவதாக 1968 தொடக்கத்தில் பிரிட்டன் அறிவித்ததும் தளத்தில் பலருக்கு வேலை போனது. கையில் கிடைத்த பணத்தோடு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் திரும்பியவர்கள் நிறையப் பேர். அப்பாவும் டிக்கெட் விசாரித்துவிட்டு வந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை, தலையும் நிமிரவில்லை. "உங்கள் ஊருக்கு நீங்கள் போய்விட்டு வாருங்கள். நான் என் ஊரிலேயே இருக்கிறேன்." அப்பா போகவில்லை. ஒரு கிடங்கில் ஜாகா (காவலாளி) வேலைக்குச் சேர்ந்தார். அம்மா விடிவதற்கு முன் இட்லி அவித்து வாளியில் எடுத்துப்போய் விற்றார். ஐந்து பேரும் படித்தோம்.

மூத்த மருமகள்:

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். நான் அவரோடு ஒரே சமையலறையில் 38 ஆண்டுகள் நின்றவள். அத்தனை ஆண்டுகளில் என் ரசத்தில் உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. கடைசி ஆண்டில் நாக்கில் ருசி போன பிறகுதான் "நன்றாக இருக்கிறது" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் பயந்தேன் என்பதுதான் உண்மை.

அந்தப் பூஜ்ஜியங்களால் நான் பட்ட பாடு தனி. மருந்தகம் ஒன்றில் பதிவு இயந்திரம் பிறந்த மாதத்தைக் கேட்டு நகர மறுத்தது. பின்னால் நீண்ட வரிசை. அத்தை, மூத்த தலைமுறையினருக்கு அரசு கொடுத்த தம் முன்னோடித் தலைமுறை அட்டையை எடுத்து இயந்திரத்தின் முகத்துக்கு நேரே நீட்டி, "இதைப் பார்த்துக்கொள்" என்றார். பிள்ளைகள் பிறந்தநாள் கேக் வெட்ட ஆசைப்பட்டதால் பங்குனி உத்திரத்தையே அவர் பிறந்தநாளாக வைத்துக்கொண்டோம். புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் அவர் விடாமல் பால்குடம் எடுத்த நாள் அது. விரதம் என்று கேக்கை மட்டும் தொட மாட்டார்.

கடைசிப் பேரன்:

வயதுச் சண்டைக்கு இன்னும் ஒரு சாட்சி இருக்கிறது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அப்பாயியின் உடலை வைத்திருந்தபோது பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி வந்து என் அருகில் உட்கார்ந்தார். அவருக்கு 88. அப்பாயிக்கு எத்தனை வயது என்று கேட்டார். 97 என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாற்பது ஆண்டுகளாக என்னை 'கக்காக்' என்றுதானே கூப்பிட்டாள்!" என்றார் மலாயில். கக்காக் என்றால் அக்கா. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல்விட்டு மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்.