ஈஸ்ட்டில் ஜிஎஃப்பி அளவீடு: ஃப்ளோ சைட்டோமீட்டர் உள்ளவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்திலிருந்து எழுதுகிறோம். ஈஸ்ட்டில் ஜிஎஃப்பியை (பச்சையாக ஒளிரும் புரதம்) ஃப்ளோ சைட்டோமீட்டரில் (ஒவ்வொரு செல்லின் ஒளியையும் தனித்தனியே அளக்கும் கருவி) அளக்க உதவி தேடுகிறோம்.

எங்களிடம் இருப்பது, கேல்4 (கேல் மரபணுக்களை இயக்கும் ஈஸ்ட்டின் சொந்தப் புரதம்) நீக்கிய ஈஸ்ட்டில், பீட்டா எஸ்ட்ரடையால் என்ற ஹார்மோன் கொடுத்தால் மட்டும் வேலை செய்யும் ஜிஇவி காரணி (மரபணுவை இயக்கும் செயற்கைப் புரதம்). அது இயக்குவது கேல்1 ப்ரோமோட்டரையும் (மரபணுவை இயக்கத் தொடங்கும் டிஎன்ஏ பகுதி) அதன் பின்னுள்ள ஜிஎஃப்பியையும். வளர்ப்பது 2% ராஃபினோஸ் சர்க்கரை சேர்த்த சிந்தெடிக் ஊடகத்தில் (ஒய்பிடி என்ற வழக்கமான ஊடகம் தானே ஒளிரும், அது வேண்டாம்). ஓடி (கலங்கலை வைத்துச் செல் அடர்த்தியைச் சொல்லும் அளவு) 0.1இல் தொடங்கி 0, 1, 3, 10, 30, 100 நானோமோலார் எஸ்ட்ரடையால் கொடுத்து, ஆறு மணி நேரம் கழித்து ப்ளேட் ரீடரில் பார்க்கிறோம். எஸ்ட்ரடையாலை எத்தனாலில் கரைத்திருப்பதால் எல்லாக் குழாய்க்கும் ஒரே அளவு எத்தனால்.

சிக்கல் இரண்டு. நடு அளவுகளில் ஒளி பாதி வருகிறது. எல்லாச் செல்களும் பாதி ஒளிர்கின்றனவா, பாதிச் செல்கள் மட்டும் முழுதாக ஒளிர்கின்றனவா? சராசரி மட்டும் சொல்லும் ப்ளேட் ரீடர் இதைக் காட்டவே காட்டாது. அடுத்து, 100 நானோமோலாரில் வளர்ச்சி மந்தம். ஜிஎஃப்பி சீக்கிரம் சிதையாது, செல் பிரியும்போதுதான் குறையும். ஆகவே மந்தமான செல்லில் அது சும்மாவே சேர்ந்துகொண்டு போகும். அந்த ஏற்றத்தைக் காரணியின் வேலை என்று நம்பிவிடக் கூடாது. ஓடியால் வகுத்தால் மட்டும் இது சரியாகாது.

திருநெல்வேலி, திருவனந்தபுரம் வட்டாரத்தில் 488 நானோமீட்டர் லேசர் உள்ள கருவியில் இடம் கிடைக்குமா? மும்மூன்றாக 18 குழாய், ஜிஎஃப்பி இல்லாத ஈஸ்ட் 3. குழாய்க்கு 20,000 செல்கள் போதும். மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்ஸிமைடு (புதுப் புரதம் உருவாவதை நிறுத்துவது) போட்டு, ஜிஎஃப்பி முதிர 30 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஐஸில் கொண்டுவர எண்ணம். இப்படிப் பயணத்தில் கொண்டுபோய் அளந்தவர்கள், ஒளி எவ்வளவு குறைந்தது என்று சொல்லுங்கள்.