பளபளப்பான அலாய் வீலுக்கு இரு நிறப் பூச்சு: கடற்கரைப் பகுதியில் எது நிலைக்கும்?

கேள்வி: நெய்தல்வாசி, சென்னை

வணக்கம். நான் சென்ற ஆண்டு வாங்கிய பழைய செடான் காரின் 15 அங்குல அலாய் வீல்களில் பெயின்ட் முழுவதையும் முந்தைய உரிமையாளர் நீக்கி, பஃபிங் செய்து, கண்ணாடிபோல் மின்ன வைத்திருந்தார். என் வீடு திருவான்மியூரில் கடலுக்கு மிக அருகில் இருக்கிறது; வேலைக்காக வாரத்தில் நான்கு நாட்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்று வருகிறேன். எவ்வளவு தேய்த்தாலும் மூன்று வாரங்களில் பளபளப்பு மங்கி, உலோகத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடுகிறது.

ஸ்போக்குகளின் முகப்பு மட்டும் வெள்ளிபோல் ஒளிர, இடையிலுள்ள குழிகள் கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும்படி இரு நிறப் பூச்சு கொடுக்க விரும்புகிறேன். மூன்று பட்டறைகளில் விசாரித்தேன். ஒருவர் பளபளப்பின் மேல் சாதாரண கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் போதும் என்கிறார். இன்னொருவர் பொடியாகத் தூவி அடுப்பில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கிளியர்தான் நிற்கும் என்கிறார். மூன்றாமவர் முகப்பின்மேல் எதையும் அடிக்காமல் மெழுகு மட்டும் போடச் சொல்கிறார். என் அண்ணன் காரில் தொழிற்சாலையிலிருந்தே வந்த டயமண்ட் கட் (முகப்பை லேத்தில் கடைந்து மின்னவைத்து, மேலே கிளியர் அடித்த) வீல்களில், இரண்டு மழைக்காலங்களுக்குள் கிளியருக்கு அடியில் வெள்ளைப் புழுக்கள் ஊர்ந்ததுபோல் கோடுகள் ஓடியதைப் பார்த்திருப்பதால் தயங்குகிறேன். குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது நிலைக்கக்கூடிய வழி எது?

மறுமொழி 1: பூச்சுப்பட்டறை, கோயம்புத்தூர்

ஐயா, பதினான்கு ஆண்டுகளாகப் பவுடர் கோட்டிங் தொழிலில் இருக்கிறேன். உங்கள் அண்ணனின் வீல்களில் நீங்கள் பார்த்ததுதான் இந்த வேலையின் மையச் சிக்கல் என்பதால் அதையே முதலில் விளக்குகிறேன்.

கல் பட்டோ, பிளாட்பார விளிம்பில் உரசியோ கிளியரில் ஊசிமுனை அளவு பிளவு ஏற்பட்டால் போதும். கடற்காற்றிலுள்ள உப்பும் ஈரமும் அதன் வழியே நுழைந்து, அலுமினியத்துக்கும் பூச்சுக்கும் இடையில் நூல்போன்ற அரிப்பாக ஊர்ந்து செல்லும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 95 விழுக்காடு வரை இருக்கும் இடங்களில் இது நன்றாக வளரும். சென்னைக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அந்த நிலைதான். டயமண்ட் கட் வீலில் லேத் கடைந்த விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருப்பதால், திரவப் பூச்சு காயும்போது அங்கிருந்து பின்வாங்கி, மற்ற இடங்களைவிட மெல்லியதாகிவிடுகிறது. அரிப்பு பெரும்பாலும் அந்த விளிம்பில் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

பஃபிங் செய்த பரப்பிலோ இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பூச்சு பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும். நீங்கள் விரும்பும் கண்ணாடி வழவழப்பில் அது இல்லை. பஃபிங் சோப்பின் மெழுகும் நுண்துளைகளில் தங்கியிருக்கும். ஆகவே முதல் பட்டறைக்காரர் சொன்ன வழி உங்கள் சாலைக்குப் பொருந்தாது என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாமவர் சொன்ன பவுடர் கிளியரில் வெற்று உலோகத்துக்கு ஏற்றது அக்ரிலிக் வகை. அதன் தூசி மற்ற வேலைகளில் பட்டால் பாலியெஸ்டர் பூச்சில் பள்ளங்கள் விழும் என்பதால், பவுடர் தூவ ஒரே பூத் (அறை) வைத்திருக்கும் பட்டறைகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. பூச்சுக்கு முன் உலோகத்தை வேதிக் கரைசலால் சரியாகப் பதப்படுத்தினால் நன்றாக உழைக்கும். ஆனாலும் கல் பட்ட இடத்தில் அதே கதை தொடங்கும்.

நான் பரிந்துரைப்பது வேறு. வெற்று உலோகம் எங்கும் தெரியாதபடி இரு நிறத்தையும் பூச்சாகவே கொடுத்துவிடுங்கள். கூர்விளிம்புகளைச் சற்று மழுக்கி, மணல் வீச்சால் பரப்பைச் சொரசொரப்பாக்கி, வார்ப்புத் துளைகளில் சிக்கிய காற்றும் எண்ணெயும் வெளியேற ஒருமுறை வெறுமனே சூடேற்றிய பிறகு எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் கருஞ்சாம்பல் பவுடர், குழிகளை டேப்பால் மறைத்து முகப்புக்கு மட்டும் நுண்துகள் வெள்ளிப் பெயின்ட், இறுதியில் வீல் முழுவதுக்கும் கிளியர் என்பது வரிசை. கல் பட்டாலும் அடியில் பிரைமர் உலோகத்தைப் பற்றிக்கொண்டிருப்பதால் அரிப்பு எளிதில் ஊர்ந்து செல்லாது. கண்ணாடி மினுக்கு கிடைக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டடி தள்ளி நின்றால் பிரகாசமான வெள்ளியாகத் தெரியும், முகம் பார்க்க முடியாது.

மறுமொழி 2: வார்ப்பாலைப் பொறியாளர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். வெப்பம் குறித்து மட்டும் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் இது அழகைத் தாண்டி உயிர் சம்பந்தப்பட்டது.

வார்ப்பு அலாய் வீல்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கான் கலந்த ஏ356 என்னும் அலுமினியக் கலவையால் ஆனவை. டி6 என்ற வெப்பப் பதத்தில் சுமார் 155 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் முதிரவைத்துத்தான் அவற்றுக்கு வலிமை ஏற்றப்படுகிறது. பவுடர் அடுப்பின் 200 டிகிரியில் பதினைந்து இருபது நிமிடங்கள் இருப்பதால் பெரிய கேடு இல்லை. ஆனால் பழைய பூச்சை எரித்து நீக்குவதற்காக 400 டிகிரி அடுப்பில் வைத்தால் அந்தப் பதமே அழிந்துவிடும். பழைய பூச்சின் எச்சம் எங்காவது ஒட்டியிருந்தால் வேதியியல் ஸ்ட்ரிப்பரால் மட்டுமே நீக்கச் சொல்லுங்கள். எந்த முறையில் நீக்குவார்கள் என்று வாய்விட்டுக் கேட்காமல் வீலை ஒப்படைக்காதீர்கள்.

ஹப்பில் பொருந்தும் பின்முகத்திலும் நட்டு அமரும் குழிகளிலும் பவுடர் படக்கூடாது. அங்கே தடித்த பூச்சு இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி, நட்டுகளின் இறுக்கம் தளரும். எப்படிச் செய்திருந்தாலும் முதல் 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) கொண்டு ஒருமுறை சரிபாருங்கள்.

அனோடைசிங் (மின்சாரத்தால் உலோகத்தின் மேலேயே ஆக்சைடு படலம் வளர்ப்பது) செய்யலாமா என்று அடுத்துத் தோன்றக்கூடும். இவ்வளவு சிலிக்கான் உள்ள வார்ப்பில் அது திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம் காட்டும். ஃபோர்ஜ் செய்த (வார்க்காமல், அழுத்தி உருவாக்கிய) வீல்களுக்குத்தான் அது பொருந்தும்.

மறுமொழி 3: பழையகார் அன்பர், நாகப்பட்டினம்

மூன்றாம் பட்டறைக்காரரை யாருமே கருத்தில் கொள்ளவில்லை என்பதால் எழுதுகிறேன். நானும் கடலோரத்தில்தான் வாழ்கிறேன். ஆறு ஆண்டுகளாக என் வீல்களின் முகப்பு வெற்று உலோகமாகவே இருக்கிறது, குழிகள் மட்டும் கறுப்பு. மேலே படலமே இல்லாதபோது அதன் அடியில் புழுக்கோடு ஓட வழியில்லை. மங்கினால் தேய்த்தால் மீண்டும் மின்னும். ஆனால் மாதம் இருமுறை, வீலுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது குழியின் ஓரத்தில் டேப் ஒட்டாவிட்டால் பாலிஷ் அங்குள்ள பெயின்ட்டையும் தின்றுவிடும். வாட்டர் வாஷ் கடைகளில் தெளிக்கும் அமிலக் கரைசலோ காரக் கரைசலோ பட்டால் ஒரே நாளில் கறை விழும். கார் ஷாம்பூவைத் தவிர வேறெதையும் அனுமதிக்காதீர்கள். அந்த வேலையில் உங்களுக்கு விருப்பம் இருந்தால் இதற்கு ஈடான அழகு எந்தப் பூச்சிலும் இல்லை. இல்லையென்றால் கோவை நண்பர் சொன்னபடியே செய்யுங்கள்.

கேட்டவரின் பதில்: நெய்தல்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாதம் நான்கு மணி நேரம் ஒதுக்க என்னால் இயலாது என்பதால், உலோகம் தெரியாத முழுப்பூச்சையே தேர்ந்தெடுக்கிறேன். என் ஸ்டெப்னியும் அலாய் வீல்தான். அதை மட்டும் முதலில் கொடுத்து, பிறகு காரில் மாட்டி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஓட்டிப் பார்க்கலாமா?

மறுமொழி 4: பூச்சுப்பட்டறை, கோயம்புத்தூர்

தாராளமாகச் செய்யலாம், ஐயா. எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு பொறுமையாக யோசித்ததில்லை. பேலன்சிங் செய்யும்போது விளிம்பில் கவ்வும் வெயிட் வேண்டாம், உட்புறம் ஒட்டும் வெயிட் போடச் சொல்லுங்கள். கவ்வும் கிளிப்பின் அடியில்தான் புதுப் பூச்சு முதலில் உடையும். மழை முடிந்ததும் முகப்பும் குழியும் சேரும் கோட்டையும் விளிம்பையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள்; கொப்புளம் எதுவும் இல்லையென்றால் மற்ற நான்கையும் அதே பவுடரில், முடிந்தால் அதே பேட்ச் எண்ணில் செய்யச் சொல்லுங்கள். வெள்ளிப் பெயின்ட்டின் சாயல் பேட்சுக்குப் பேட்ச் சற்று மாறக்கூடும் என்பதால், ஐந்து வீலுக்கும் போதுமான அளவை இப்போதே எடுத்து வைக்கச் சொல்வது நல்லது.